கேடயப் படத்தின் விவரம்

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். வாசல் காவலாளி அவளைவிடப் பத்து வயது மூத்தவர்; அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். மேலாளரும் அப்படித்தான். நியாயமாகப் பார்த்தால் அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவன் அங்கே ஒருவன்தான். அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. போகட்டும், கூப்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனால் தம்பியை யாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற உத்தேசம் அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை.

தம்பிக்கு ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது கண் பார்வையையும் எடுத்துக்கொண்டு போனது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. அன்றைக்குத் திறந்த வாயை அவள் பிறகு மூடவே இல்லை. பேருந்தில் ஏறினால், “முன்னாடி சீட்ல ஒரு மஞ்சச் சட்டைக்காரர் தூங்கி வழியறார்டா, வாயைப் பொளந்துக்கிட்டு” என்று அவள் உரக்கச் சொல்வாள். மஞ்சள் சட்டைக்காரர் திடுக்கிட்டு விழித்து முறைப்பார். “இப்ப முறைக்கிறார்” என்று அதையும் சொல்வாள். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான்.

ஆனால் தம்பி கறாரான ஆள். ஏழு வயதிலேயே, “அழகா இருக்கு, நல்லா இருக்குன்னெல்லாம் சொல்லாதே. என்ன இருக்குன்னு சொல்லு” என்பான். அவளும் அப்படியே பழகிக்கொண்டாள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து அப்பா முகம் சுளித்தால் சுளித்தார் என்றே சொல்வாள், தம்பி அழுதாலும் சரி. அதனால் அவனுக்கு அவள் சொல் மேல் கேள்வி கேட்காத நம்பிக்கை. வேறு யார் என்ன சொன்னாலும், “இரு, அக்காகிட்ட கேட்டுக்கறேன்” என்பான். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் எத்தனை வேலையையும் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

அவன் வளர்ந்து, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலை வைத்துக்கொண்டு கணினியில் உட்கார ஆரம்பித்தான். அப்போதுதான் அவளுக்கு உலகத்து இணையதளங்களின் லட்சணம் தெரிந்தது. குரல், “பட்டன், பட்டன், பட்டன்” என்று சொல்லும். எதற்கான பட்டன் என்று சொல்லாது, செய்தவன் எழுதி வைத்தால்தானே அது சொல்லும்? படம் வந்தால் பதினேழு இலக்க எண் ஒன்றை ஒப்பிக்கும். ஒரு மருத்துவமனைப் பக்கத்தில் தேதியைத் தேர்ந்தெடுக்க முடியாமல் தம்பி ஒன்றரை மணி நேரம் திண்டாடியதைப் பார்த்து, “இதைச் செஞ்சவன் கையில கெடைச்சான்னா” என்று பல்லைக் கடித்தாள். அவன் கையில் கிடைக்கவில்லை. ஆகவே தானே கற்றுக்கொண்டாள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் அவள் தொழில்.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், எட்டுப் பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகம் அது. பார்வை இல்லாதவர், காது கேளாதவர், கையால் மவுஸைப் பிடிக்க முடியாதவர் என்று எல்லோரும் பயன்படுத்துகிற மாதிரி இணையதளங்கள் செய்து கொடுப்பார்கள். அவள் சேர்ந்து இரண்டு வருடத்தில் தம்பியும் பரிசோதகனாகச் சேர்ந்தான். பக்கம் தயாரானதும் அவன் உட்கார்ந்து கேட்பான். குறைகளை எழுதி அனுப்புவான். அவன் “சரி” என்று போட்டால்தான் அது வெளியே போகும். அக்கா என்பதற்காக அவள் பக்கங்களுக்கு அவன் ஒருநாளும் சலுகை காட்டியதில்லை. அதிலும் அவளுக்குப் பெருமைதான்.

அவள் கணவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. “உன் தம்பிக்குக் கண்ணு தெரியாது, சரி. உனக்கு அவனைத் தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியலையே, அதுக்கு என்ன வைத்தியம்?” என்பார். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த அலுவலகத்தில்தான் சுருட்டை வந்து சேர்ந்தான்.

தலைமுடியை வைத்துக் காவலாளி வைத்த பெயர் அது. முப்பது வயது இருக்கும். வந்த முதல் வாரமே மவுஸை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினான். திரை கண்ணில் படாமல் பழக, அதன் மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டான். காதில் வாசிக்கும் குரலை மாட்டிக்கொண்டு, கீபோர்டை மட்டும் தட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் பாட்டுக்குத் தடுமாறுவான், தப்பான இடத்துக்குப் போவான், திரும்பி வருவான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். “இது என்ன கூத்து?” என்று அவளும் சிரித்தாள். தம்பி மட்டும் சிரிக்காமல், அந்தத் தட்டல் சத்தத்தைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மாதக் கடைசியில் ஒரு மருத்துவமனைக்கு, நேரம் பதிவு செய்யும் பக்கத்தை அவளும் செய்தாள், பழக்கத்துக்காகச் சுருட்டையும் தனியாக ஒரு மாதிரிப் பக்கம் செய்தான். அவளுடைய பக்கம் அன்பால் நிரம்பி வழிந்தது. “இது தேதியைத் தேர்ந்தெடுக்கும் இடம். கவனமாகத் தேர்ந்தெடுங்கள். இதற்குக் கீழே நேரம் வரும்” என்று அடிக்கு அடி ஒரு வாசகம். சுருட்டையின் பக்கத்தில் தேதி என்றால் தேதி, நேரம் என்றால் நேரம். ஒரு விசையைத் தட்டினால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவலாம். தம்பி அதில் ஒரு நிமிடத்துக்குள் பதிவை முடித்துவிட்டான். அவளுடையதில் நான்கு நிமிடம் ஆனது.

“அக்கா, உன் பக்கம் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது. அவர் பக்கம் வழியை விட்டு ஒதுங்கி நிக்குது. எனக்கு ரெண்டாவதுதான் வசதி” என்றான்.

வசதியாம், வசதி! முப்பது வருடமாகப் பிடித்த கை அன்றைக்குத்தான் இடைஞ்சலாகத் தெரிந்ததா? “சரிடா, மாத்திடறேன்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். இரண்டு டம்ளர் குடித்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அவனை வெறுக்கலாம் என்றால் அதற்கும் அவன் இடம் கொடுக்கவில்லை. “அக்கா, இந்தப் படத்துக்கு நீங்க எழுதின விவரம் மாதிரி எனக்கு எழுதவே வர மாட்டேங்குது, கத்துக்குடுங்க” என்று நோட்டும் பேனாவுமாக வந்து நிற்பான். கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள், ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. தம்பி கேட்கும் குரலின் வேகம் சாதாரண வேகம் இல்லை. மற்றவர்களுக்கு அது தையல் இயந்திரம் ஓடுகிற மாதிரி ஒரே கடகடப்பு. அந்த வேகத்தில் வார்த்தையைப் பிடிக்க அந்த அலுவலகத்தில் அவளுக்கு மட்டுந்தான் தெரியும். பல வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய காது அது. குரல் எதையாவது தப்பாக வாசித்தால் தம்பியும் அவளும் ஒரே நொடியில் சிரிப்பார்கள், மற்றவர்கள் விழிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவர்கள் இருவருக்கும் மட்டுமே சொந்தமாக இருந்தது. மூன்றாம் மாதம் ஒருநாள் குரல் ஏதோ உளறியது. தம்பி சிரித்தான். அவள் சிரிக்க வாயெடுப்பதற்குள் இரண்டு மேஜை தள்ளிச் சுருட்டை சிரித்தான்.

அவளுக்குக் காதில் புகை வராத குறை.

அதே மாதம், தம்பியை “சார்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த சுருட்டை “மச்சான்” என்றான். தம்பியும், “சொல்லு மச்சான்” என்றான். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் தம்பி அவன் மேஜைக்கு எடுத்துப்போக ஆரம்பித்தான். “நீயும் வாயேன்க்கா” என்று ஒப்புக்குக் கூப்பிட்டான். ஒப்புக்குத்தான் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டு, வேலை இருக்கிறது என்றாள்.

பேருந்துக் கம்பெனி ஒன்றுக்கு அவர்கள் செய்து கொடுத்த பயணச்சீட்டுப் பக்கம் நன்றாக அமைந்துவிட்டது. பார்வையற்றோர் சங்கம் ஒன்று அலுவலகத்துக்குக் கேடயம் கொடுத்தது. மேடையில் தம்பிதான் வாங்கினான். நன்றி சொல்லும்போது, “இந்தப் பக்கத்தை இவ்வளவு லேசா ஆக்கினது என் நண்பன்” என்று பக்கத்தில் நின்ற சுருட்டையின் தோளில் கை வைத்தான். கைதட்டல் பறந்தது. அந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் அவள் செய்தது. பாதி இல்லாவிட்டால் போகிறது, ‘என் அக்கா’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறந்திருப்பான். மறந்ததுதான் அவளுக்கு இன்னும் கசந்தது.

மறுநாள் மேலாளர் விழாப் படங்களை அனுப்பி, “அக்கா, செய்திப் பக்கத்துல போடணும், விவரம் எழுதிடுங்க” என்றார். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு சிறு விவரம் எழுதி வைப்பார்கள். கண் தெரிந்தவருக்கு அது திரையில் தெரியாது. வாசிக்கும் குரலில் கேட்கிறவர்களுக்கு மட்டும் கேட்கும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பது அலுவலக வழக்கம். அவள் எழுதியதை யாரும் சரிபார்ப்பதில்லை. அக்கா எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

முதல் மூன்று படங்களுக்கு ஒழுங்காக எழுதினாள். நான்காவது படத்தில் தம்பி கேடயத்தைப் பிடித்திருந்தான். பக்கத்தில் சுருட்டை, வாயெல்லாம் பல்லாக அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் பல்லைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விவரப் பெட்டியில் இப்படித் தட்டினாள்: “எங்கள் பரிசோதகர் கேடயத்தைப் பிடித்திருக்கிறார். அவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில், பக்கத்தில் நிற்கும் இளைஞர் அவரைப் பார்த்து உதட்டைக் கோணி ஏளனமாகச் சிரிக்கிறார்.”

எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாக இருந்தது. அழித்துவிடத்தான் நினைத்தாள். அதற்குள் தொலைபேசி அடித்தது, இணையதளம் செய்யக் கேட்டிருந்த நூலகத்துக்காரர் ஒருவர் நாற்பது நிமிடம் பிடித்துக்கொண்டார். பேசிவிட்டு வந்தபோது அது மறந்துவிட்டது என்று அவள் சொல்வாள். நம்புவது உங்கள் இஷ்டம். சாயங்காலம் மேலாளர் பக்கத்தை வெளியிட்டார். செய்திப் பக்கத்துக்குப் பரிசோதனை எல்லாம் எதற்கு என்று நேராகவே வெளியிட்டுவிட்டார்.

திங்கட்கிழமை மதியம் தம்பி டப்பாவோடு அவள் மேஜைக்கு வந்தான்.

“இங்க உக்காரலாமாக்கா?”

“இதென்னடா கேள்வி?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஏன் வந்தான் என்று கேட்கவில்லை. வந்தானே, அது போதாதா? செவ்வாயும் வந்தான். புதனும் வந்தான். முன்போலப் பேச்சும் சிரிப்புமாக அவள் அவனுக்கு ஜன்னலுக்கு வெளியே நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். சைக்கிள் கடைக்காரர் ஒரு டயரோடு மல்லுக்கட்டுவதைச் சொன்னாள். தம்பி கொஞ்சம் குறைவாகச் சிரித்த மாதிரி இருந்தது. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சுருட்டையின் மேஜைப் பக்கம் பார்த்தபோது அவன் தனியாக டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை சுருட்டை அவளிடம் வந்தான்.

“அக்கா, அவருக்கு என் மேல என்ன கோபம்? கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்குறார். நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?”

“வேலை ஜாஸ்திப்பா. வேற ஒண்ணுமில்ல” என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பியும் அவளும் சேர்ந்து மாடிப்படி இறங்கினார்கள். முதல் திருப்பத்தில் அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் படத்துக்கு எழுதியிருந்தியே, அதைக் கேட்டேன்.”

அவளுக்கு எந்தப் படம் என்று புரிய ஒரு நொடி ஆனது.

“ஸ்கூல்ல பசங்க என் பின்னாடி நின்னு மூஞ்சி காட்டுவானுங்க. நீதான் வந்து சொல்லுவே, யார் யாருன்னு. இல்லேன்னா நான் அவனுங்களை ஃப்ரெண்டுன்னே நெனச்சிருப்பேன். இப்பவும் நீதான் சொல்லியிருக்கே. நேர்ல சொன்னா நான் உடைஞ்சிடுவேன்னுதானே, எனக்கு மட்டும் கேக்கற எடத்துல எழுதி வெச்சே?”

அவளும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“நாலு மாசமா அவனை எவ்வளவு நம்பினேன் தெரியுமா? பக்கத்துல நின்னு சிரிச்சிருக்கான். எனக்குத் தெரியாதாம்.” அவன் குரல் ஒரு இடத்தில் தடுக்கிச் சரியானது. “தேங்க்ஸ்க்கா. நீ இல்லேன்னா எனக்கு யாரு சொல்லுவா? திங்கட்கிழமை மேலாளர்கிட்ட பேசப்போறேன். அவன் பக்கங்களை இனிமே நான் பாக்க மாட்டேன். வேற ஆள் வெச்சுக்கட்டும்.”

அவன் படி இறங்கிப் போனான். அவள் அதே திருப்பத்தில் நின்றாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் பட்டபாடு அவளுக்குத்தான் தெரியும். இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டு, மழை வருமா வராதா என்று பேசிவிட்டு வைத்தாள். சும்மா இருந்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. தம்பி முழுசாகத் திரும்பி வந்துவிட்டான். சுருட்டை வேறு வேலை தேடிக்கொள்வான். அவள் கேட்டதெல்லாம் இதுதானே? கைக்கு வந்துவிட்டதே! ஆனால் அந்த ‘தேங்க்ஸ்க்கா’ காதிலேயே நின்றது. அவன் உலகத்தில் பாதி, அவள் சொல்லி அவன் தெரிந்துகொண்டது. ஒன்று பொய் என்று தெரிந்தால், மற்றதையெல்லாம் அவன் எதை வைத்து நம்புவான்? சொன்னால் அது போகும். சொல்லாவிட்டால் அவன் கூட்டாளி போவான், அதுவும் அவள் பொய்யால். பொய்யை நம்பி மேஜைக்கு வருகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எப்படிச் சாப்பிடுவது?

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய், நான்காவது படத்தைப் பெரிதாக்கித் திறந்தாள். ஒரு வாரத்துக்கு முன் பல்லை மட்டும் பார்த்தவள், அன்றைக்குத்தான் முழுப் படத்தையும் பார்த்தாள். படத்தில் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆளை அவள் விவரத்தில் விட்டுவிட்டிருந்தாள். அந்த மூன்றாவது முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் உட்கார்ந்து, இருப்பதை இருக்கிறபடி எழுதினாள்.

“நடுவில் எங்கள் பரிசோதகர் கேடயத்தை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். பக்கத்தில் நிற்கும் இளைஞர் அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். அதில் ஏளனம் இல்லை. மிகவும் பிடித்த ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது. முன்பு இங்கே எழுதியிருந்தது பொய். படத்தின் இடது ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறாள். அவள் கேமராவைப் பார்க்கவில்லை, அவர்கள் இருவரையும் பார்க்கிறாள். பொறாமையோடு பார்க்கிறாள்.”

வாயால் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. பொய் சொன்ன இடத்திலேயே உண்மையையும் வைத்தாள். பிறகு அதைத் தம்பியின் பரிசோதனைப் பட்டியலில் முதலாவதாகச் சேர்த்தாள். அவன் வந்து, பையை மாட்டி, வாசிக்கும் குரலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும்வரை அவள் தன் திரையில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவன் வேகத்துக்கு அந்த விவரம் பத்து நொடிதான். கேட்டான். விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன. பிறகு அவள் அவனிடம் ஒருநாளும் பார்க்காத ஒன்றைச் செய்தான். குரலின் வேகத்தைக் குறைத்தான், படிப்படியாக, சாதாரண மனிதர்கள் பேசுகிற அளவுக்கு. முதலிலிருந்து மறுபடி கேட்டான். முழுதாகக் கேட்டு முடிக்க அரை நிமிடம் ஆனது. அவன் முகத்தில் என்ன இருந்தது என்று சொல்ல முப்பது வருடப் பழக்கம் உள்ள அவளுக்கே வார்த்தை கிடைக்கவில்லை.

சிறிது நேரத்தில் அவனிடமிருந்து குறைப்பட்டியல் வந்தது. உடனே திறந்தாள்.

“செய்திப் பக்கம், நான்காவது படம். ஒரு குறை. ஓரத்தில் நிற்கும் பெண் யார் என்று எழுதவில்லை. கேட்பவருக்குத் தெரிய வேண்டும்.”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் திரையை நோக்கியே உட்கார்ந்திருந்தான். அவள் ‘ஒரு பெண்’ என்பதை அழித்துவிட்டு ‘பரிசோதகரின் அக்கா’ என்று தட்டினாள். இனி அந்தப் பக்கத்தைக் காதால் கேட்கிற ஒவ்வொருவருக்கும் அவள் யார், எப்படிப் பார்த்தாள் என்பது தெரியும். அனுப்பினாள். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: “சரி.” அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மேலாளரின் அறைக்கு அவன் அன்று போகவில்லை.

மதியம் ஒரு மணிக்குத் தம்பி டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவள் மேஜையைத் தாண்டும்போது நிற்கவில்லை. சுருட்டைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “மச்சான், ஒரு வாரமா உன்கிட்ட நான் மோசமா நடந்துக்கிட்டேன். மன்னிச்சுக்கோ. உன்னைப் பத்தி ஒருத்தர் தப்பா சொன்னதை நம்பிட்டேன்” என்றான்.

“என்னைப் பத்தியா?” சுருட்டை கையில் எடுத்ததை டப்பாவிலேயே வைத்தான். “யாரு சொன்னது?”

இரண்டு மேஜை தள்ளி அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தம்பிக்குத் தெரியும்.

“யாரோ” என்றான்.